உடல் தனக்கான நோய் எதிர்ப்பாற்றலை எப்படி உருவாக்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோய் எதிர்ப்பாற்றல் என்றதும் தொட்டித் தண்ணீரை நினைத்துக்கொள்பவர்கள் அதிகம். குறைந்தால் நிரப்ப வேண்டும், நிரம்பியிருந்தால் எந்த நோயும் அண்டாது என்று நம்புகிறார்கள். உடல் அப்படி வேலை செய்வதில்லை. ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியாக இனம் கண்டு, அதற்கென்றே படை திரட்டி, வேலை முடிந்ததும் படையைக் கலைத்துவிட்டு, அடையாளத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு செய்திதான்.

நோய் எதிர்ப்பாற்றல் உடலில் எந்த இடத்தில் இருக்கிறது?

ஒரே இடத்தில் இல்லை. எலும்பு மஜ்ஜையில்தான் எல்லா ரத்த அணுக்களும் பிறக்கின்றன, வெள்ளை அணுக்களும் அங்கேதான். அவற்றில் டி செல் என்ற வகை, மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பிக்குப் போய்ப் பயிற்சி பெறுகிறது. மண்ணீரல் ரத்தத்தை வடிகட்டுகிறது. உடல் முழுவதும் சுமார் 600 நிணநீர்க் கணுக்கள் உள்ளன. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் அவை கொத்தாக இருக்கும். இவை தவிர, குடல் சுவரில் பெருமளவு எதிர்ப்பு செல்கள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவை தோலும் சளிச்சவ்வும்தான். கண்ணீரிலும் எச்சிலிலும் பாக்டீரியாவின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் இருக்கிறது. வயிற்று அமிலம் பல கிருமிகளைக் கொன்றுவிடுகிறது. வெளியிலிருந்து வருவதில் பெரும்பங்கு இந்த வாசலைத் தாண்டுவதே இல்லை.

விரலில் ஒரு முள் குத்தினால் உள்ளே என்ன நடக்கிறது?

இதைக் கூர்ந்து பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

முதல் சில நிமிடங்கள்: தோலுக்கு அடியில் மாஸ்ட் செல்களும், மேக்ரோஃபேஜ் எனப்படும் பெரிய விழுங்கணுக்களும் காவலுக்கு இருக்கின்றன. முள்ளோடு உள்ளே போன பாக்டீரியாவின் மேற்பரப்பில், மனித செல்களில் இல்லாத சில வேதிப்பொருள்கள் இருக்கும். அவை பட்டவுடன் காவல் செல்கள் ஹிஸ்டமைன் முதலான பொருள்களை வெளிவிடுகின்றன. சுற்றியுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிகின்றன. அதனால்தான் அந்த இடம் சிவந்து சூடாகிறது. குழாய்ச் சுவரில் இடைவெளி விழுந்து நீர் கசிகிறது, அதுதான் வீக்கம். இவை நோயின் அடையாளங்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் இவை உடல் செய்யும் வேலையின் அடையாளங்கள்.

அடுத்த சில மணி நேரம்: ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டி, இடுக்கு வழியே நுழைந்து, வேதிப்பொருளின் வாசனையைப் பிடித்தபடி முள் குத்திய இடத்துக்கு வருகின்றன. பாக்டீரியாவை விழுங்கி உள்ளேயே கொல்கின்றன. ஆயுள் மிகக் குறைவு. சண்டை முடிந்ததும் செத்துப்போகின்றன. மறுநாள் முள்ளைச் சுற்றி வெளிர் மஞ்சளாகத் திரளும் சீழ் என்பது பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்கள்தான். ஆரோக்கியமான ஒருவரின் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களைத் தயாரிக்கிறது.

விழுங்கணுக்கள் இப்படி உடலைக் காப்பதைச் சோதனையில் காட்டியவர் உயிரியலாளர் இல்யா மெச்னிகோவ். 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் சிறு முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நகரும் செல்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. விழுங்கணுக்களைப் பற்றிய ஆய்வுக்காக 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பெரும்பாலான முள்காயங்களில் கதை இத்துடன் முடிந்துவிடும். இது பிறவியிலேயே கிடைக்கும் எதிர்ப்பு. வேகமானது, ஆனால் ஆள் பார்த்து அடிக்காது. நினைவாற்றலும் இதற்கு மிகக் குறைவு. இதைத் தாண்டியும் கிருமி பெருகினால்தான் அடுத்த கட்டம் தொடங்குகிறது.

இதுவரை பார்த்தே இராத கிருமியை உடல் எப்படி அடையாளம் காண்கிறது?

இந்தக் கேள்விக்கான விடைதான் எங்களை இன்னும் வியக்க வைக்கிறது. கிருமி வந்த பிறகு அதற்கேற்ற செல்லை உடல் செய்வதில்லை. வருவதற்கு முன்பே, எது வரும் என்று தெரியாமலே, கோடிக்கணக்கான விதங்களில் செல்களைச் செய்து வைத்திருக்கிறது.

பி செல், டி செல் என்ற இரு வகை வெள்ளை அணுக்கள் ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் ஓர் ஏற்பி உண்டு. அதைப் பூட்டு என்று வைத்துக்கொண்டால், கிருமியின் ஒரு துண்டு அதில் சரியாகப் பொருந்தும் சாவி. பூட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் மரபணு, பிறக்கும்போது முழுசாக இருப்பதில்லை. துண்டு துண்டாக இருக்கிறது. ஒவ்வொரு செல்லும் வளரும்போது அந்தத் துண்டுகளைச் சீட்டுக் கலைப்பதுபோலக் கலைத்துத் தனக்கென்று ஒரு சேர்க்கையை அமைத்துக்கொள்கிறது. ஆன்டிபாடி என்பது கிருமியைப் பற்றிக்கொள்ள பி செல் வகை வெளியிடும் புரதம். அதன் மரபணுக்களில் இப்படி நடப்பதை 1976-இல் சுசுமு டோனேகாவா காட்டினார். 1987-இல் நோபல் பரிசு பெற்றார்.

குருட்டாம்போக்கில் பூட்டு செய்தால், அதில் சில நம் உடலின் சொந்தச் சாவிக்கே பொருந்திவிடுமே? பொருந்தும். அதற்குத்தான் தைமஸில் தேர்வு. சொந்த உடலைப் பலமாகப் பற்றிக்கொள்ளும் டி செல்லும் அங்கேயே சாகிறது. எதையும் பற்றத் தெரியாத டி செல்லும் சாகிறது. உள்ளே போகும் நூறில் 95-க்கு மேல் வெளியே வருவதில்லை.

ஆன்டிபாடி உருவாக எத்தனை நாள் ஆகும்? ஏன் அவ்வளவு தாமதம்?

புதிய கிருமி என்றால் ரத்தத்தில் ஆன்டிபாடி தெரியத் தொடங்க ஏறத்தாழ ஒரு வாரம், உச்சத்தை எட்ட இரண்டு முதல் நான்கு வாரம். தாமதத்துக்குக் காரணம் தேடலும் பெருக்கமும்.

திசுவில் உள்ள டென்ட்ரிடிக் செல், கிருமியின் துண்டுகளை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகிறது. அதற்கே ஒரு நாள் ஆகலாம். அங்கே கடந்துபோகும் டி செல்களில், அந்தத் துண்டுக்குப் பொருந்துவது லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான். அது அகப்பட்டதும் நாளுக்கு இரண்டு மூன்று முறை பிரிந்து, நான்கைந்து நாளில் ஆயிரக்கணக்காகப் பெருகுகிறது. அதே நேரத்தில் பொருந்தும் பி செல்லும் பெருகி, அதில் ஒரு பகுதி ஆன்டிபாடித் தொழிற்சாலையாக மாறுகிறது. ஒரே ஒரு செல் விநாடிக்கு ஆயிரக்கணக்கான ஆன்டிபாடிகளை வெளியே தள்ளும்.

முதலில் வருவது ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி வகை. ஐந்து மூலக்கூறுகள் சேர்ந்த பெரிய உரு. தனித்தனியாகப் பார்த்தால் பிடி தளர்வு, ஆனால் கை அதிகம். பிறகு ஐஜிஜி என்ற வகை வருகிறது. இதற்குள் நிணநீர்க் கணுவில் இன்னொரு வேலை நடக்கிறது. பி செல்கள் தம் ஆன்டிபாடி மரபணுவில் வேண்டுமென்றே சிறு பிழைகளை உண்டாக்கிக்கொண்டு, யாருடைய பிடி இறுகுகிறது என்று போட்டி போடுகின்றன. தோற்றவை சாகின்றன. இந்தப் போட்டி வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் நடப்பதால், மூன்றாம் மாதத்து ஆன்டிபாடி முதல் வாரத்து ஆன்டிபாடியைவிட இறுக்கமாகப் பிடிக்கும்.

நோய் தணிந்ததும் பெருகிய செல்களில் பெரும்பாலானவை மடிகின்றன. ஒரு சிறு பகுதி நினைவு செல்களாகத் தங்குகிறது. சில ஆன்டிபாடி செல்கள் எலும்பு மஜ்ஜைக்குப் போய் ஆண்டுக்கணக்கில் அமைதியாகச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அடுத்த முறை அதே கிருமி வந்தால், முன்பு வாரக்கணக்கில் நடந்தது சில நாள்களில் முடிந்துவிடுகிறது. நோய் வந்ததே பல நேரம் நமக்குத் தெரியாது.

கழுத்தில் நெறி கட்டினால் கவலைப்பட வேண்டுமா?

தொண்டை வலியோ பல் வலியோ இருக்கும்போது தாடைக்குக் கீழே நெறி கட்டுவது, மேலே சொன்ன பெருக்கம் அங்குள்ள நிணநீர்க் கணுவில் நடக்கிறது என்பதற்கு அடையாளம். விரலால் தொட்டால் பட்டாணி அளவில், வலியோடு, தோலுக்கு அடியில் நழுவி நகரும். தொற்று தணிந்து இரண்டு மூன்று வாரத்தில் சுருங்கும். குழந்தைகளுக்குச் சிறு நெறி மாதக்கணக்கில் கையில் தட்டுப்படுவதும் உண்டு.

மருத்துவரிடம் காட்ட வேண்டியவை: 2 செ.மீ.க்கு மேல் பெரிதானது, கல்போல் இறுகியது, நகராமல் ஒட்டிக்கொண்டது, நான்கு வாரம் கடந்தும் சுருங்காதது, காறை எலும்புக்கு மேலே தோன்றியது, எடைக்குறைவோடும் இரவு வியர்வையோடும் சேர்ந்து வருவது. வலி இல்லாத நெறி ஆபத்தில்லாதது என்று எண்ணித் தள்ளிப்போடாதீர்கள். வலியே இல்லாமல் பெருத்துக்கொண்டு போவதைத்தான் சீக்கிரம் பார்க்க வேண்டும்.

காய்ச்சல் நல்லதா? குறைக்கலாமா?

காய்ச்சல் என்பது மூளையின் ஹைப்போதலாமஸ் உடல் வெப்பத்தின் அளவுகோலை வேண்டுமென்றே உயர்த்தி வைப்பது. வெள்ளை அணுக்கள் அனுப்பும் செய்திப் பொருள்கள்தான் அந்த உத்தரவுக்குக் காரணம். சற்று உயர்ந்த வெப்பத்தில் பல கிருமிகள் மெதுவாகப் பெருகுகின்றன, எதிர்ப்பு செல்கள் சுறுசுறுப்பாகின்றன. ஆகவே தெர்மாமீட்டரில் எண் ஏறியதுமே அதை இறக்கியாக வேண்டும் என்பதில்லை. குழந்தை தண்ணீர் குடித்து, விளையாடி, தூங்குகிறது என்றால் 38.5 டிகிரி செல்சியஸைச் சும்மா விடலாம்.

துவண்டு கிடந்தால், வலித்தால், பாராசிட்டமால் கொடுங்கள். அளவு எடையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், தவணைகளுக்கு இடையே குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் நான்கு தவணைக்கு மிகாமல். 10 கிலோ குழந்தைக்கு ஒரு தவணை 100 முதல் 150 மில்லிகிராம். இங்கே நடக்கும் பெரிய தவறு மில்லிகிராமையும் மில்லிலிட்டரையும் குழப்புவது. சிரப்புகள் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் வெவ்வேறு செறிவில் வருகின்றன. புட்டி மாறினால் அதே மூடி அளவில் இரு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். சிறுவர்களுக்கு ஆஸ்பிரின் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி வந்தால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு முறை வந்த நோய் மறுபடி வராது என்பது உண்மையா?

நோயைப் பொறுத்தது. தட்டம்மைக்கு உண்மை. ஃபாரோ தீவுகளில் 1781-இல் தட்டம்மை வந்து போன பிறகு 65 ஆண்டுகள் அது எட்டிப் பார்க்கவில்லை. 1846-இல் மறுபடி நுழைந்தபோது சுமார் 7,800 பேரில் ஏறத்தாழ 6,000 பேரைப் பிடித்தது. அங்கே அனுப்பப்பட்ட பீட்டர் பானும் (Panum) என்ற இளம் மருத்துவர், 1781-இல் சிறுவயதில் தட்டம்மை கண்ட முதியவர்கள் ஒருவருக்கும் அது திரும்ப வரவில்லை என்று குறித்துவைத்தார். இடையில் ஒருமுறைகூடக் கிருமியைச் சந்திக்காமலே நினைவு 65 ஆண்டு நின்றிருக்கிறது.

சளிக்கு அப்படி இல்லை. ரைனோவைரஸ் மட்டுமே 160 வகைகளுக்கு மேல். ஒன்றுக்கு எதிரான ஆன்டிபாடி மற்றதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. இன்ஃப்ளூயன்சா வைரஸ் தன் மேற்பரப்பை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்வதால் பழைய நினைவு கைகொடுப்பதில்லை. சின்னம்மை பெரும்பாலும் ஒரு முறைதான் வரும், ஆனால் அதன் வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருந்து, பல ஆண்டு கழித்து எதிர்ப்பு தளரும்போது அக்கியாக வெளிப்படுகிறது.

டெங்குவில் நான்கு வகை. வந்த வகைக்கு எதிராக நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கிறது. வேறு வகை பிறகு தாக்கும்போது, பழைய ஆன்டிபாடிகள் அந்த வைரஸைப் பாதி பிடியில் பிடித்து, கொல்லாமல், விழுங்கணுவுக்குள் ஏற்றிவிடக்கூடும். அதனால்தான் இரண்டாவது டெங்கு முதலாவதைவிடக் கடுமையாகும் அபாயம் அதிகம்.

டெட்டனஸ் இன்னும் வியப்பானது. இரணஜன்னி கண்டு பிழைத்தவருக்கும் அதற்கு எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை. உயிரைக் கொல்லப் போதுமான நச்சின் அளவு அவ்வளவு சிறியது. எதிர்ப்பு அமைப்பின் கண்ணில் படுவதற்கே அது போதாது. ஆகவே குணமானவருக்கும் தடுப்பூசி முழுத் தவணையும் போட வேண்டும்.

நோய் வந்தே கிடைக்கும் எதிர்ப்புதான் இயற்கையானது, சிறந்தது என்கிறார்களே?

சில நோய்களில் நோய்க்குப் பின் வரும் எதிர்ப்பு தடுப்பூசியைவிட நீடித்தது என்பது சரி. அதற்குக் கொடுக்கும் விலையையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மை.

தட்டம்மையையே எடுத்துக்கொள்வோம். அந்த வைரஸ் நினைவு செல்களையே தேடித் தாக்குகிறது. தடுப்பூசி போடாத குழந்தைகளிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், தட்டம்மைக்குப் பிறகு அவர்கள் அதுவரை சேர்த்துவைத்திருந்த வெவ்வேறு ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்திருந்தது. தட்டம்மைக்கு எதிர்ப்பு கிடைத்தது. மற்ற நோய்களுக்குக் கிடைத்திருந்தது கரைந்தது. தடுப்பூசியில் உள்ள வலுவிழந்த வைரஸ் இதைச் செய்வதில்லை. ஹெபடைடிஸ் பி பிறந்த குழந்தையைத் தொற்றினால், பத்தில் ஒன்பது பேருக்கு எதிர்ப்பு உருவாவதே இல்லை; வைரஸ் கல்லீரலில் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. அதனால்தான் முதல் தவணையைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடச் சொல்கிறார்கள்.

தடுப்பூசி போட்டாலும் ஆன்டிபாடியைச் செய்வது உங்கள் உடல்தான். கிருமியின் முகத்தை மட்டும் காட்டுகிறோம். கற்றுக்கொள்வது அதே பி செல், அதே டி செல், அதே நிணநீர்க் கணு. 1796 மே மாதம் எட்வர்ட் ஜென்னர் எட்டு வயதுச் சிறுவன் ஜேம்ஸ் ஃபிப்ஸுக்கு மாட்டம்மைச் சீழை ஏற்றி, பிறகு பெரியம்மைச் சீழையும் ஏற்றிப் பார்த்தார், பெரியம்மை வரவில்லை. இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காத சோதனை அது. 1980-இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

ஒரே தடுப்பூசியை ஏன் பல தவணை போடுகிறார்கள்? ஒரு தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

தொடங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். நினைவு செல்கள் காத்திருக்கும். இது பெரும்பாலான தடுப்பூசிகளுக்குப் பொருந்தும்.

உயிரற்ற தடுப்பூசிகளில் முதல் தவணை அறிமுகம். இரண்டாவது, மூன்றாவது தவணைகள் அந்த நினைவைத் தட்டியெழுப்பி ஆன்டிபாடியை உயர்த்துகின்றன. தவணைகளுக்கிடையே பொதுவாகக் குறைந்தது 4 வார இடைவெளி வேண்டும். ஹெபடைடிஸ் பி பெரியவர்களுக்கு 0, 1, 6 மாதங்களில் போடப்படுகிறது. கடைசி இடைவெளி நீளமாக இருப்பது மேலே சொன்ன இறுக்கப் போட்டி முடியட்டும் என்றுதான். நாள் தள்ளிப்போவதைவிட, அவசரப்பட்டு முன்கூட்டியே போட்டுவிடுவதுதான் பயனைக் கெடுக்கும்.

தட்டம்மைத் தடுப்பூசியின் இரண்டாவது தவணைக்குக் காரணமே வேறு. ஒரு வயதுக்குப் பிறகு போட்ட முதல் தவணை சுமார் 93 சதவீதம் பேரிடம் வேலை செய்கிறது. மீதிப் பேருக்கு இரண்டாவது வாய்ப்பு அது. இரண்டும் சேர்ந்தால் 97 சதவீதம். தட்டம்மை பரவாமல் நிற்க ஏறத்தாழ 95 சதவீதம் பேருக்கு எதிர்ப்பு இருக்க வேண்டும் என்பதால் அந்த நான்கு சதவீதம் சிறிய எண் அல்ல.

தடுப்பூசி போட்டும் எதிர்ப்பு வராததற்குச் சேமிப்புப் பிழையும் ஒரு காரணம். பெரும்பாலானவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். வெப்பம் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைதலும் கெடுக்கும் என்பது மறந்துபோகிறது. ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் போன்ற, அலுமினிய உப்பு சேர்ந்த தடுப்பூசி ஒரு முறை உறைந்தால் பயன்படாது. சந்தேகப்படும் குப்பியையும், அதே தொகுதியில் வேண்டுமென்றே உறையவைத்து உருகவிட்ட குப்பியையும் சேர்த்துக் குலுக்கி மேசையில் வைத்துப் பார்ப்பார்கள். உறைந்ததில் திரிதிரியாகப் படிவு சீக்கிரம் அடியில் இறங்கும். உறையாதது கலங்கலாகவே நிற்கும். நீர் சேர்த்துக் கரைத்த தட்டம்மைத் தடுப்பூசியைக் குளிரில் வைத்திருந்தாலும் 6 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிட வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு எதிர்ப்பாற்றல் உண்டா?

கடனாகக் கிடைத்தது உண்டு. தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியே குழந்தையின் ரத்தத்துக்குப் போகிறது. பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில். குறைமாதக் குழந்தைக்கு இந்தக் கையிருப்பு குறைவு என்பதற்கு அதுவே காரணம். ஐஜிஜியின் அரை ஆயுள் சுமார் மூன்று வாரம். ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் தாய் தந்தது கரைந்துவிடும்.

தட்டம்மைத் தடுப்பூசியை ஏன் பிறந்ததுமே போடுவதில்லை என்று கேட்பவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது. தாயின் ஆன்டிபாடி தடுப்பூசியில் உள்ள வைரஸையும் கொன்றுவிடும். குழந்தையின் உடல் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது. நோய் பரவும் அளவைப் பார்த்து 9 அல்லது 12 மாதம் என்று நாடுகள் முடிவு செய்கின்றன.

தாய்ப்பால் வேறு வழியில் உதவுகிறது. சீம்பாலில் நிறைந்துள்ள ஐஜிஏ என்ற ஆன்டிபாடி வகை குழந்தையின் ரத்தத்தில் பெரிதாகச் சேர்வதில்லை; தொண்டையிலும் குடலிலும் பூச்சுப்போலப் படிந்து கிருமிகளை ஒட்டவிடாமல் செய்கிறது.

என் குழந்தைக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைவா?

பெரும்பாலும் இல்லை. சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. மற்றக் குழந்தைகளோடு சேரத் தொடங்கும் ஆண்டில் இன்னும் கூடலாம். ஒவ்வொன்றும் பத்து நாள் நீடித்தால் பாதி ஆண்டு மூக்கு ஒழுகுவதுபோலத்தான் தோன்றும். இடையில் முழுமையாகத் தேறி, எடை கூடிக்கொண்டிருந்தால் அந்தக் குழந்தையின் எதிர்ப்பு அமைப்பு பாடம் படித்துக்கொண்டிருக்கிறது என்றே பொருள்.

பரிசோதிக்க வேண்டிய நிலை வேறு. ஒரே ஆண்டில் இரண்டு முறை நிமோனியா, நான்கு முறையோ அதற்கு மேலோ காதில் சீழ், இரண்டு மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்தும் பயனில்லை, தோலிலோ உள்ளுறுப்பிலோ திரும்பத் திரும்ப ஆழ்ந்த சீழ்க்கட்டி, வாயில் தீராத வெண்படலம், எடை ஏறாமை, குடும்பத்தில் ஏற்கெனவே எதிர்ப்புக் குறைபாடு: இவற்றில் இரண்டு இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மாத்திரைகள் வேலை செய்கின்றனவா?

குறை இருந்தால் குறையைத் தீர்ப்பது வேலை செய்யும். குறை இல்லாதவருக்கு மேலும் ஊற்றுவதால் ஆற்றல் கூடாது.

வைட்டமின் சி வழக்கமாக எடுப்பவர்களுக்குச் சளி பிடிப்பது குறைவதில்லை. பிடித்த சளி பெரியவர்களுக்கு ஏறத்தாழ 8 சதவீதம் சீக்கிரம் தீர்கிறது, அதாவது ஒரு வாரத்தில் அரை நாள். துத்தநாகம் குறைந்தால் தைமஸும் டி செல்லும் தளர்கின்றன. பெரியவர்கள் நாளுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டித் தொடர்ந்து எடுத்தால் உடலில் தாமிரம் குறைந்து, வெள்ளை அணுவே குறையும். வைட்டமின் டி அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வைட்டமின் ஏ அதிகமானால் கல்லீரலையும் கருவையும் பாதிக்கும். ஆனால் தட்டம்மை கண்ட குழந்தைக்கு அதுவே உயிர் காக்கும் மருந்து. ஒரு வயதுக்கு மேல் 2,00,000 அலகு, 6 முதல் 11 மாதத்துக்கு 1,00,000 அலகு, அடுத்தடுத்த இரண்டு நாள், மருத்துவர் கையால்.

தூக்கத்தைப் பற்றிய சான்று மாத்திரைகளைவிடத் தெளிவானது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் கருவி கட்டி அளந்து, பிறகு அவர்கள் மூக்கில் ரைனோவைரஸ் சொட்டு விட்டார்கள். 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது.

எதிர்ப்பாற்றலை ரத்தப் பரிசோதனையில் அளக்க முடியுமா?

மொத்தமாக ஓர் எண்ணாக முடியாது. தனிக் கேள்விக்கு விடை கிடைக்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பிடித்ததா என்று அறிய, கடைசித் தவணைக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடியை அளந்தால், ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. பல ஆண்டு கழித்து அந்த எண் இறங்கினாலும் நினைவு செல் இருக்கும், ஆகவே ஆரோக்கியமானவர் பதற வேண்டாம். வெள்ளை அணு எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இயல்பு. நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போனால் சாதாரணக் காய்ச்சலும் அவசரம்.

உடலே தன்னைத் தாக்கிக்கொள்வது ஏன்?

தைமஸின் தேர்வில் தப்பி வெளியே வரும் செல்கள் எல்லோரிடமும் சில உண்டு. அவற்றை அடக்கிவைக்கும் ஒழுங்காக்கும் டி செல்களை 1995-இல் ஷிமோன் சகாகுச்சி அடையாளம் காட்டினார். அந்தச் செல்களை ஆளும் மரபணுவை மேரி பிரங்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெல்லும் 2001-இல் கண்டறிந்தார்கள். மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கடிவாளம் தளரும்போது முதல் வகை நீரிழிவு, முடக்குவாதம் போன்றவை தலைதூக்குகின்றன. ஆகவே சக்தியைக் கூட்ட வேண்டும் என்ற ஆசை, இந்த நோய் உள்ளவர்களிடம் பொருந்தவே பொருந்தாது.

சில நேரம் கிருமியே ஆள்மாறாட்டம் செய்யும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றுக்கு எதிராக உருவாகும் ஆன்டிபாடி, இதய வால்வைக் கிருமி என்று எண்ணித் தாக்குவதுதான் வாதக் காய்ச்சல். தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் சரியான ஆன்டிபயாடிக் தொடங்கினால் இதைத் தடுக்க முடியும்.

மண்ணீரலை எடுத்தவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், முதியவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

மண்ணீரல் இல்லாதவருக்கு நிமோகாக்கஸ் போன்ற, உறை போர்த்திய பாக்டீரியாக்கள்தான் எதிரி. திட்டமிட்ட அறுவை என்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் ஆகிய பாக்டீரியாக்களுக்கான தடுப்பூசிகளைப் போட்டுவிட வேண்டும். பிறகு எப்போது குளிரோடு காய்ச்சல் வந்தாலும் காலை வரை பொறுக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மணிக்கணக்கில் உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

நாளுக்கு 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பிரெட்னிசலோன் இரண்டு வாரம் எடுத்தவர்கள், நிறுத்தி ஒரு மாதமாவது ஆகும் வரை தட்டம்மைத் தடுப்பூசி போன்ற உயிருள்ள தடுப்பூசி போட்டுக்கொள்ளக் கூடாது. ஸ்டீராய்டு வீக்கத்தையும் காய்ச்சலையும் மறைத்துவிடும் என்பதால், சூடு இல்லை என்று தொற்றை ஒதுக்கிவிடாதீர்கள். நீண்டநாள் எடுத்த மாத்திரையைத் தானாக ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து.

முதியவர்களிடம் தைமஸ் ஏறக்குறைய கொழுப்பாக மாறியிருக்கும். புது டி செல் குறைவு, பழைய நினைவு அதிகம். அதனால் இன்ஃப்ளூயன்சாவுக்கு 65 வயதுக்கு மேல் செறிவு கூடிய தடுப்பூசியும், அக்கிக்கு 50 வயதுக்கு மேல் இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணையும் சில நாடுகளில் பரிந்துரைக்கப்படுகின்றன. டெட்டனஸ் ஊக்கத் தவணையைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை போடச் சொல்லும் நாடுகளும் பல. கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதைத் தேதியோடு எழுதி வைத்திருந்தால், காயம் பட்ட அன்று மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு விடை கையில் இருக்கும்.